தலைச்சீராவும் கட்புலனும்

அச்சன்புதூரை அடுத்துள்ள வடகரை, பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலையூராய் விளங்கிற்று. 18ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமைப் பாளைய வீரர் பெரும்பாலும் இரும்புச் சீரா அணியாது, துணித் தலைப்பாகையோடு களம் புக்கனர். இதனை வறுமையென்றோ அறியாமையென்றோ தள்ளிவிடுதல் எளிது. தலைச்சீரா கண்ணுக்குச் செய்யும் இடையூற்றை எண்ணுவார்க்கு அம்முடிவு பொருந்தாது என்பது எம் கருத்து.

இரு கண்ணும் கூடி இடவலமாக ஏறத்தாழ 180 பாகைப் பரப்பைக் காணும். கன்னத்தகடு இதன் பக்கங்களைக் குறைக்கும். முன்விளிம்பு மேற்புறத்தை மறைக்கும். பண்டைக் கிரேக்கரின் கொரிந்தியச் சீரா கண்ணுக்கு இரு திறப்பே விட்டுச் செவியையும் மூடிற்று. காலப்போக்கில் அவர்களே முகந்திறந்த சீராக்களுக்கு மாறினர். முதல் உலகப் போரில், 1915இல், பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் எஃகுச் சீராவை ஏற்றன. மேலிருந்து சிதறும் குண்டுத்துண்டுகளே அதற்குக் காரணம். ஆயின் குப்புறப் படுத்துக் குறிபார்ப்பவனுக்கு முதுகுச்சுமையோ கழுத்துக்காப்போ பின்விளிம்பை உந்த, முன்விளிம்பு புருவத்தின்மேற் சரிந்து கண்ணை மறைக்கும். 2000க்குப் பின் அமெரிக்கப் படை ஏற்ற சீராவில் அம்முன்விளிம்பே நீக்கப்பட்டது. காப்பிற் சிறிது இழந்து காட்சியை மீட்டனர் என்க.

இனித் தமிழ்நூல்களை நோக்குவோம். பதிற்றுப்பத்து சேரனைச் சான்றோர்க்கு மெய்ம்மறை என்னும். உடற்காப்பை அறியாதார்க்கு இவ்வுருவகம் தோன்றாது. தலையோ பூவுக்கு உரியது. வெட்சி முதலாக வாகை ஈறாகச் சூடிய பூவே திணைப்பெயர். வேம்பும் ஆத்தியும் பனையும் வேந்தர் மூவரையும் காட்டின. திருக்குறளின் படைச்செருக்கு, எறிவேல் கண்டு கண் இமைத்தலையே புறங்காட்டலாகக் கொள்ளும். புலவர் போற்றும் மறமும் களத்து வழக்கமும் ஒன்றல்ல என்பதை யாம் மறவேம். எனினும் கண்ணுக்கு அவர் தந்த முதன்மை தெளிவு.

சின்னமருது தமக்கு வளரி எறியக் கற்பித்ததாக வெல்சு என்னும் ஆங்கிலத் தளபதி 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதினார். வளரி எறிபவனுக்கும், அது வரும் வழி விலகுபவனுக்கும் பக்கப்பார்வையே உயிர். மலையடிவாரத்துப் புதரும் பாறையும் நிறைந்த நிலத்தில் பகைவன் எப்பக்கத்தும் தோன்றுவான். வேனிலில் நெற்றி வியர்வை கண்ணில் வழியாமல் தலைப்பாகை உறிஞ்சும். வாள்வெட்டின் வேகத்தையும் அதன் மடிப்புகள் ஓரளவு தணிக்கும். துப்பாக்கிக் குண்டை அது தாங்காது. மெல்லிய இரும்புச் சீராவும் அண்மையிலிருந்து வரும் குண்டைத் தாங்குவதன்று.