'பின்' என்னும் ஒரு சொல்

மகளின் பெயரில் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கும் எண்ணத்துடன் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தோம். கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் பேருந்தேறி, இளையவனை இடுப்பிலும் மூத்தவளைக் கையிலுமாகக் கொண்டுபோன பயணம். படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் நம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டோம். வாங்கிப் பார்த்தவர் கடிந்து பேசவில்லை. "பாப்பாவோட அப்பாவைக் கூட்டிட்டு வந்துருங்கம்மா" என்று மரியாதையுடனேயே சொன்னார். திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "நீ கையெழுத்துப் போட்டா செல்லாதாம்மா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டோம்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் யார் என்பதை வரிசைப்படுத்துகிறது. முதலில் தந்தை, அவருக்குப் 'பின்' தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதாவது பாலூட்டவும் குளிப்பாட்டவும் இரவெல்லாம் விழித்திருக்கவும் தாய். குழந்தைக்காகக் கையொப்பமிடத் தந்தை. திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தை என்றால் மட்டும் வரிசை தலைகீழாகிறது. அங்கே தாய்க்கே முதலிடம். ஊர் எந்தத் தாயைப் பழிக்குமோ அவளுக்குச் சட்டம் தந்த இடத்தை, ஊரறிய மணமுடித்தவளுக்குத் தரவில்லை. மணமான சிறுமிக்குப் பாதுகாவலர் கணவன் என்றும் அச்சட்டம் எழுதிவைத்தது.

இந்தப் 'பின்' என்ற சொல்லோடு வழக்காடியவர் ஓர் எழுத்தாளர் என்பது இலக்கிய வாசகர்களாகிய நாம் நினைவில் கொள்ளவேண்டியது. கோயம்புத்தூரில் பிறந்தவரும், முதல் நாவலுக்காகவே 1993இல் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு பெற்றவருமான கீதா ஹரிஹரன், 1984இல் தம் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். தாமே பாதுகாவலராகக் கையொப்பமிடுவதென்று கணவரும் அவரும் சேர்ந்தே முடிவு செய்திருந்தனர். வங்கியோ தந்தையின் கையொப்பத்தையோ, தகுதிவாய்ந்த அதிகாரியிடமிருந்து பாதுகாவலர் சான்றையோ கேட்டது. கீதா உச்ச நீதிமன்றத்தை நாடினார். மணமுறிவு வழக்கில் மகனுக்காகப் போராடிய சூழலியலாளர் வந்தனா சிவாவின் மனுவும் அத்துடன் சேர்ந்து விசாரிக்கப்பட்டது.

1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'பின்' என்றால் 'இறந்த பின்' என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டியதில்லை, 'இல்லாதபோது' என்றும் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். தந்தை குழந்தையின்பால் அக்கறையற்றிருந்தாலோ, வேறிடத்தில் வாழ்ந்தாலோ, நோயால் இயலாதிருந்தாலோ, பெற்றோர் தமக்குள் ஒப்புக்கொண்டிருந்தாலோ தாய் பாதுகாவலராகலாம். ஒரு சொல்லை அகலப்படுத்தி அதற்குள் தாய்க்கு இடம் செய்து கொடுத்தார்கள். ஆனால் சொல்லை நீக்கவில்லை. பெற்றோர் இருவரையும் சமமாக வைக்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 1989இலேயே பரிந்துரைத்தது. 2015இல் மீண்டும் சொன்னது. 'பின்' இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

அரசியலில் தமிழகப் பெண்கள் இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை என்பதுதான் வியப்பு. சென்னை மாகாணச் சட்டசபை 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முடிவெடுத்தது. 1927இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். அப்போது அவர் இரண்டு மகன்களின் தாய். தேவதாசி முறைக்கும் குழந்தை மணத்துக்கும் எதிராக அவர் அங்கே வாதாடினார். பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதை நாடு 2005இல் ஏற்றது. தமிழகம் 1989இலேயே சட்டமாக்கியது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் எங்களுடையதைப் போன்ற பேரூராட்சிகளிலும் பாதி இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. வீதி திறந்துவிட்டது, வீட்டுப் படிவம்தான் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்து வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோக நமக்கு மனமில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986இல் பத்திரிகைகள் உலகறியச் செய்தன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. சிசுக்கொலை வழக்குகளில் தாய்மார் கைதானார்கள். சிலர் தண்டனையும் பெற்றார்கள். குழந்தைக்காகக் கையொப்பமிடத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவளே, குழந்தை இறந்தபோது முதற்குற்றவாளியாக நின்றாள். அந்தக் குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உரிமையில் பின்னால் நிறுத்தப்பட்டவள் பழியில் மட்டும் முன்னால் நிறுத்தப்பட்டது எப்படி என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

சட்டத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்கவும் மனம் இடம் தரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் "தட்டைக் கழுவி வை" என்று நம் வாய் மகளிடம்தான் முதலில் சொல்கிறது. மகனின் தட்டு தானாகவே அவள் கைக்குப் போய்விடுகிறது. இருட்டிய பின் "எங்கே போகிறாய்?" என்ற கேள்வியும் அவளுக்கு மட்டுமே. நம் அம்மா நமக்குச் செய்ததை, அது தவறென்று தெரிந்தபின்னும், நாம் செய்கிறோம். 'பின்' என்ற சொல் சட்டப்புத்தகத்தில் இருப்பதைவிட ஆழமாக நம் அடுப்படியில் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது மகன் தன் தட்டைத் தானே கழுவுகிறான். சில நாட்கள் மறந்துவிடுகிறான். சில நாட்கள் நாம் மறந்துவிடுகிறோம்.

சென்ற மாதம் மகனுக்காக ஒரு படிவம் நிரப்ப நேர்ந்தது. கணவர் எழுதுகோலை நம் பக்கம் நகர்த்தி, "நீயே போடும்மா" என்றார். அன்போடு சொன்னதுதான். கையொப்பமிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது: பெற்றோர் தமக்குள் ஒப்புக்கொண்டால் தாயும் பாதுகாவலராகலாம் என்ற 1999இன் தீர்ப்பு நம் வீட்டில் அப்படியே நிறைவேறியிருக்கிறது. அவர் சம்மதித்தார், நாம் தாயானோம்.

அருகில் நின்றிருந்த மகள் கேட்டாள்: "இப்போ செல்லுமாம்மா?" செல்லும் என்றோம். எதனால் செல்லும் என்பதை அவள் இன்னும் சற்று வளர்ந்தபின் சொல்லவேண்டும்.