வீட்டில் இருந்த லெனன், வீட்டோடு கிளம்பிய மெக்கார்ட்னி

1963 ஏப்ரலில் ஜான் லெனனுக்கு மூத்த மகன் ஜூலியன் பிறந்தபோது பீட்டில்ஸ் குழு ஊர் ஊராகக் கச்சேரியில் இருந்தது. தகப்பன் வந்து பிள்ளை முகத்தைப் பார்க்கச் சில நாளானது. ரசிகைகள் விலகிவிடுவார்களோ என்று கல்யாணம் ஆனதையே வெளியே சொல்லாமல் வைத்திருந்த காலம் அது. 1968இல் அந்தக் குடும்பம் உடைந்தது. தாயையும் மகனையும் பார்த்து ஆறுதல் சொல்லிவரக் காரை எடுத்துக்கொண்டு போனவர் பால் மெக்கார்ட்னி. அந்த வழியில் அவர் மனத்தில் பிறந்ததுதான் ‘ஹே ஜூட்’. பையனைத் தேற்றும் பாட்டை அப்பாவின் கூட்டாளி எழுத, ஒலிப்பதிவில் அப்பாவும் கூட நின்று பாடினார்.

1970இல் குழு கலைந்தபோது இருவருக்கும் முப்பது கூட நிரம்பவில்லை. இசையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்ற கேள்விக்கு அதன்பின் இருவரும் கண்ட விடைகள் நேர் எதிரானவை.

லெனன் கடையைச் சாத்தினார். 1975 அக்டோபர் 9, அவருடைய 35ஆவது பிறந்தநாளன்றே இரண்டாம் மனைவி யோகோ ஓனோவுக்கு ஷான் பிறந்தான். அடுத்த ஆண்டு இசைத்தட்டு ஒப்பந்தம் முடிந்தது, அவர் புதுப்பிக்கவில்லை. நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் பிள்ளையோடு இருந்துவிட்டார். வரவு செலவு, வக்கீல், பேரம் எல்லாம் யோகோவின் கையில். முதன்முதலாக ரொட்டி சுட்டு எடுத்ததும் அதைப் போலராய்ட் கேமராவில் படம் பிடித்ததாக லெனனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றாடம் சமைக்கிற பெண்கள் யாரும் அந்தக் காலத்தில் சோற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளவில்லை! வீட்டில் ஆயாவும் வேலையாட்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைக் கேட்க வேண்டும். ஆனாலும் ராக் இசையில் அந்த உயரத்தில் இருந்த ஓர் ஆண், பிள்ளைக்காக ஐந்தாண்டு ஆல்பமே போடாமல் இருந்தது லேசான காரியமல்ல.

மெக்கார்ட்னியோ வீட்டையே குழுவில் சேர்த்துவிட்டார். 1971இல் விங்ஸ் தொடங்கியபோது கீபோர்டில் உட்கார்ந்தவர் மனைவி லிண்டா. அவர் புகைப்படக்காரர், கீபோர்டு பழகியவர் அல்ல, கணவர்தான் சொல்லிக்கொடுத்தார். 1972 பிப்ரவரியில் வேனில் பிள்ளைகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு, முன்கூட்டித் தகவல்கூடச் சொல்லாமல் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் போய் இறங்கி, வாசலில் சில்லறைக் கட்டணம் வாங்கி வாசித்தார்கள். அந்தக் கோடையில் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பியது பல நிறங்களில் வர்ணமடித்த இரட்டை மாடிப் பேருந்தில். கூரையில்லாத மேல்தளத்தில் மெத்தைகளைப் போட்டு வாத்தியக்காரர்கள் வெயில் காய்ந்தார்கள், நடுவே பிள்ளைகள் விளையாடினார்கள். பொண்டாட்டியை மேடையேற்றிவிட்டார் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. லிண்டாவின் வாசிப்பைப் பற்றி அவை சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் வீட்டில் விட்டுவந்த மனைவியைப் பற்றி எந்த விமர்சகரும் எந்த இசைக்கலைஞரையும் கேட்டதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு இருவரும் வளர்ந்த லிவர்பூலிலேயே விதை உண்டு. பாலின் அப்பா ஜிம் பருத்தி வியாபாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1920களில் ஒரு ஜாஸ் குழு நடத்தியவர். பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பியானோ இருந்தது. ஜானின் அப்பா கப்பல் வேலைக்காரர், பெரும்பாலும் கடலில். ஜான் வளர்ந்தது பெரியம்மா வீட்டில். தொழிலென்றால் வீட்டைவிட்டுப் போவது என்று ஒருவருக்குப் பட்டிருக்கலாம். இன்னொருவருக்கு அப்படிப் பட்டிருக்க நியாயமில்லை.

இரண்டு ஏற்பாட்டுக்கும் விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லெனன் ஷானுக்குக் கொடுத்த காலம், இங்கிலாந்தில் தாயோடு வளர்ந்த ஜூலியனுக்குக் கிடைக்கவேயில்லை. விங்ஸிலோ வாத்தியக்காரர்கள் வாரச் சம்பளத்துக்கு இருந்தார்கள். 70 பவுண்டு என்று டிரம்மர் டென்னி சைவெல் பின்னாளில் சொன்னார். பேருந்து குடும்பப் பேருந்துதான், ஆனால் முதலாளியின் குடும்பத்துக்கு. 1973 ஆகஸ்டில் லாகோஸுக்கு ஒலிப்பதிவுக்குக் கிளம்பும் தறுவாயில் சைவெல்லும் கிதார் வாசித்த ஹென்றி மெக்கல்லக்கும் விலகிக்கொண்டார்கள். பால், லிண்டா, குழுவில் மிஞ்சிய டென்னி லேன் மூவராகப் போய் ‘பேண்ட் ஆன் த ரன்’ ஆல்பத்தை முடித்தார்கள். விங்ஸின் ஆகச்சிறந்த ஆல்பமாகப் பலர் சொல்வது அதைத்தான்.

1980 ஜனவரியில் மெக்கார்ட்னியின் ஏற்பாடு ஒரே அடியில் ஆட்டம் கண்டது. டோக்கியோ விமான நிலையத்தில் அவர் பெட்டியில் கஞ்சா சிக்கியது. ஒன்பது இரவுகள் காவலில். மனைவி மக்கள் ஹோட்டலில் காத்துக்கிடக்க, ஜப்பான் கச்சேரிகள் மொத்தமும் ரத்து; கூட வந்தவர்களின் பிழைப்பும் போயிற்று.

அந்த ஆண்டே நவம்பரில் லெனன் திரும்பிவந்த ‘டபுள் ஃபேன்டஸி’ ஆல்பத்தில் அவருடைய பாட்டுகளும் யோகோவின் பாட்டுகளும் பெரும்பாலும் மாறி மாறி வருகின்றன, ஷானுக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஐந்தாண்டு ஒதுங்கியிருந்தவர் வந்து சேர்ந்த இடம், பால் 1971இலேயே மனைவியோடு நின்ற இடம்தான். ஆல்பம் வந்த மூன்று வாரத்தில், டிசம்பர் 8 அன்று, லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஏற்பாடு நாள்பட எப்படிப் போயிருக்கும் என்று பார்க்க வழியில்லாமல் போனது.

ஒரு குழுவை நடத்துகிறவருக்கு லெனனின் வழி உதவாது. அவர் ஒதுங்கியபோது கலைக்க அவரிடம் குழுவே இல்லை. என் ஓட்டு மெக்கார்ட்னிக்கு, ஒரு குறையோடு: சைவெல் வீட்டுச் செலவையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். விங்ஸ் 1981இல் முடிந்தது. பால், லிண்டாவின் கடைக்குட்டி ஜேம்ஸுக்குப் பன்னிரண்டு வயதான 1989இல்தான் மெக்கார்ட்னி மறுபடி உலகப் பயணம் கிளம்பினார். கீபோர்டில் அப்போதும் லிண்டாதான்.