டெஸ்டாச்சோ மேடு: ஒரு சாடிக் கணக்கின் மறுபரிசீலனை

ரோம் நகரின் டெஸ்டாச்சோ மேடு, உடைந்த எண்ணெய்ச் சாடிகளைக் கொட்டியதால் எழுந்த குப்பைமேடு. உயரம் சுமார் 35 மீட்டர். கன அளவு ஏறத்தாழ 5,80,000 கனமீட்டர். அதற்குள் 5.3 கோடிச் சாடிகள் இருப்பதாக ஒரு மதிப்பீடு நூலுக்கு நூல் எடுத்தாளப்படுகிறது. அந்த எண்ணை ஏற்பதற்கில்லை என்பதே என் வாதம். மேட்டை எண்ணெய் வணிகத்தின் ஆவணக் காப்பகமாகப் படித்தவர்களே மிகுதி. குப்பைக்கிடங்காகப் படித்தால் முதற்கேள்வியே வேறு: இந்த இடம் எவ்வளவு கொள்ளும்?

இதற்கான சான்று சாடிகளின் மேலேயே இருக்கிறது. 1872 முதல் இங்கு ஆய்ந்த ஹைன்ரிக் டிரெஸ்ஸல், சாடிகளில் தூரிகையால் எழுதிய வரிகளைக் கிரேக்க எழுத்துகளால் வகைப்படுத்தினார். ஆல்ஃபா வரி வெற்றுச் சாடியின் எடை. பீட்டா வணிகர் பெயர். காமா எண்ணெயின் எடை. டெல்டாவில் அனுப்பிய ஊர், சோதித்த அலுவலர், சில வேளைகளில் ஆண்டைக் காட்டும் கான்சல்களின் பெயர்கள். ஆய்வாளர் கவனமெல்லாம் பீட்டாவிலும் டெல்டாவிலும் குவிந்தது இயல்பே. செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் பீட்டா வரியில் வணிகர் பெயர் மறைந்து பேரரசர் பெயர் வருகிறது. அது அரசியல் வரலாறு. ஆல்ஃபாவில் இருப்பதோ வெறும் எண். ஆனால் குப்பையாகப் போகவிருந்த பொருளின் எடையை, அது குப்பையாகுமுன்பே குறித்துவைத்த வரி அது ஒன்றுதான்.

அந்த எண் சாடிக்குச் சாடி மாறினாலும், ஸ்பெயினின் பேட்டிகா மாகாணத்துச் சாடிக்கு 30 கிலோ எனக் கொள்ளலாம். மேட்டில் 80 முதல் 85 விழுக்காடு இவ்வகையே. எஞ்சிய ஆப்பிரிக்கச் சாடிகள் மெலிந்தவை. அவற்றுக்குப் பாதி எடையே வைப்போம். சராசரி 27 கிலோ. சுட்ட களிமண் கனமீட்டருக்குச் சுமார் 2 டன். ஓட்டுச்சில்லுகளுக்கிடையே துளி இடைவெளியும் இல்லை என்று கற்பனை செய்தாலும், மேட்டின் எடை 11.6 லட்சம் டன், சாடிகள் 4.3 கோடி. இடைவெளியே இல்லாத ஓட்டுக் குவியல் உலகில் இல்லை. பத்தில் நான்கு பங்கு இடைவெளி என்றால் எண்ணிக்கை சுமார் 2.6 கோடியாக இறங்குகிறது. 2.5 கோடியை ஒட்டிய பழைய மதிப்பீடு ஒன்றும் உண்டு, அதுவே பொருந்துகிறது.

பிற்காலத்தில் சில்லுகள் அள்ளப்பட்டு மேடு சுருங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவு சுருங்கியிருக்கக்கூடும். ஆனால் 5.3 கோடிக்கு இடம் வேண்டுமானால் மேடு இன்றுள்ளதைப் போல் இருமடங்கு இருந்திருக்க வேண்டும். இன்றைய கிடங்கில் மட்கும் குப்பை மீத்தேனாகவும் கசிவுநீராகவும் கரைய, மேடு தானே அமிழும். சுட்ட மண் மட்காது. ஆகவே டெஸ்டாச்சோவின் இன்றைய கன அளவை நம்பிக் கணக்கிடுவதில் தவறில்லை.

மேடு கண்டபடி கொட்டப்பட்டதன்று. ஏறக்குறைய முழுச் சாடிகளில் சில்லுகளை நிரப்பித் தாங்குசுவராக அடுக்கி, படிப்படியாகத் தளங்கள் எழுப்பியுள்ளனர். கெட்ட எண்ணெயின் வாடைக்காகச் சுண்ணாம்பு தூவினர் என்பது பொதுக் கருத்து. வாடை பொறுக்காமல் தூவியிருந்தால், அதே தளத்துக்கு ஆட்கள் தொடர்ந்து திரும்பி வந்திருக்க வேண்டும். ஒருமுறை கொட்டிவிட்டுப் போகிறவர் சுண்ணாம்புக்குச் செலவழிக்க மாட்டார். அருகே டைபர் ஆற்றுத் துறையும் எண்ணெய்க் கிடங்குகளும் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இது திட்டமிட்ட தொடர்பணி என்றே அழுத்திச் சொல்வேன். 1937இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் குழி வெட்டி, குப்பையை அழுத்தி, அன்றன்றைக்கு மண்ணிட்டு மூடிய முறைக்கும் இதற்கும் வேலையொழுங்கில் உறவு உண்டு. கசிவுநீரைத் தடுக்கும் அடித்தளம் ரோமானியருக்குத் தேவைப்படவில்லை. அவ்வகையில் இதை இன்றைய கிடங்கின் முழு முன்னோடி என்பது மிகை.

தீராதது தொடக்க ஆண்டு. அகழ்வில் கிடைத்தவை பெரும்பாலும் கி.பி. 140 முதல் 250 வரையிலானவை. 260களுக்குப் பின் கொட்டுதல் நின்றது. மிகப் பழைய சாடிகள் அடியில் கிடக்கின்றன. கி.பி. 140இல் தொடங்கியிருந்தால் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் சாடிகள் வந்திருக்கும். அகஸ்டஸ் காலத்திலேயே தொடங்கியிருந்தால் ஏறத்தாழ 1 லட்சமே. ரோம் உண்ட எண்ணெயின் அளவே இதனால் இருமடங்கு மாறுகிறது. மேட்டின் உட்கருவிலிருந்து ஆண்டு பொறித்த டெல்டா வரிகள் வெளிவரும்வரை இரண்டையும் திறந்தே வைக்கிறேன்.