திரையில் யாருக்கு எவ்வளவு இடம்? – உலாவிப் பட்டைகளின் வரலாறு



கரும்பலகையில் பாடம் எழுதுவதற்கு முன்னர் நாம் என்ன செய்கிறோம்? முந்தைய பாடவேளையின் எழுத்துகளை அழிக்கிறோம். ஓரத்தில் நாளையும் கிழமையையும் குறிக்கிறோம். எஞ்சிய இடம் முழுவதும் பாடத்திற்கே! அந்தப் பலகையின் மூன்றில் ஒரு பங்கைக் கடைக்காரர் ஒருவர் தம் பெயர்ப்பலகைக்காக எடுத்துக்கொண்டால் நாம் பொறுப்போமா? ஆனால், கணினித் திரையில் மட்டும் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் நான் ஆசிரியர் பணியைத் தொடங்கிய காலம் அது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற உற்சாகம் குறையாமல், ஒருநாள் இணையத்திலிருந்து திருக்குறள் பக்கமொன்றைத் திறந்து, ஒளிபடக்காட்டி வழியாக வகுப்பறைச் சுவரில் காட்டினேன். பின்வரிசை மாணவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்று எழுத்தைப் பெரிதாக்கினேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "டீச்சர், மூனு குறள்தான் தெரியுது. மத்ததெல்லாம் எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். சுவரின் மேற்பகுதியில் பட்டை மேல் பட்டையாக எத்தனையோ பொத்தான்கள். நான் ஒருநாளும் தொடாத தேடற்பெட்டிகள். யாரோ எப்போதோ நிறுவிவிட்டுப் போன கருவிப்பட்டைகள். அவற்றின் அடியில் வள்ளுவர் ஒடுங்கிக் கிடந்தார். அன்று அந்த மாணவன் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

1. பொத்தான்கள் பிறந்த கதை

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை உருவாக்கினார். இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது, அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1993ஆம் ஆண்டில் உருவான மொசைக் உலாவி. முன்செல்ல, பின்செல்ல, முகப்புக்குத் திரும்ப எனப் பொத்தான்கள் அமைந்ததால், கணினி அறியாதவரும் அதைக் கையாள முடிந்தது. எனவே, கருவிப்பட்டை தொடக்கத்தில் நமக்கு உதவவே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

1994ஆம் ஆண்டின் இறுதியில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வெளிவந்தது. அதில் வழக்கமான பொத்தான்களுக்கும் முகவரிப் பெட்டிக்கும் கீழே இன்னொரு வரிசை இருந்தது. 'புதியவை எவை', 'சிறந்தவை எவை' என்று அந்த வரிசை அழைத்துச் சென்றது அந்நிறுவனத்தின் சொந்தப் பக்கங்களுக்கே! படிப்பவரின் திரையில் தயாரிப்பாளர் தமக்கென ஒரு துண்டு நிலம் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய இங்கேதான் தொடங்குகிறது எனலாம். ஆயினும் ஒரு நற்செய்தி: வேண்டாதோர் அந்த வரிசையை மறைத்துவிடவும், பொத்தான்களில் படம் மட்டும் அல்லது சொல் மட்டும் காட்டவும் அதே உலாவியில் வழி இருந்தது. நோய் பிறந்த வீட்டிலேயே மருந்தும் பிறந்திருந்தது. ஆனால், அதைத் தேடிப் பார்த்தவர் சிலரே.

2. ஒரு கணக்கு

அக்காலக் கணினித் திரைகளில் பரவலாக இருந்த அளவு 800 × 600 படப்புள்ளிகள். அதில் உலாவியைத் திறந்தால் மேலிருந்து கீழாக என்னென்ன இருக்கும்? தலைப்புப் பட்டை, பட்டியற் பட்டை, பொத்தான் பட்டை, முகவரிப் பட்டை, இணைப்புப் பட்டை, பிறர் நிறுவிய கருவிப்பட்டை ஒன்று, அடியில் நிலைப் பட்டை, அதற்கும் அடியில் விண்டோசின் பணிப்பட்டை. மொத்தம் எட்டு.

ஒன்றுக்குச் சராசரியாக 25 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கும் சேர்த்து 200 புள்ளி. 600இல் 200 போய்விட்டது! தமிழில் ஒரு வரிக்கு 24 புள்ளி உயரம் தேவையெனில், முழுத்திரையில் 25 வரிகள் அடங்கும். எஞ்சிய 400 புள்ளியில் அடங்குபவை 16 வரிகளே. ஓர் அதிகாரத்திற்குப் பத்துக் குறள், அதாவது 20 வரிகள். பட்டைகள் இல்லாத திரையில் ஓர் அதிகாரம் முழுமையாகத் தெரியும். பட்டைகள் நிறைந்த திரையில் எட்டுக் குறளோடு நின்றுவிடும். எழுத்தைப் பெரிதாக்கினாலோ இன்னும் குறையும். என் மாணவன் கண்டது அதைத்தான்.

3. தமிழுக்குக் கூடுதல் இழப்பு

ஆங்கில எழுத்தைச் சிறியதாக்கினாலும் ஓரளவு படிக்கலாம். தமிழில் அப்படியன்று. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி மறையும். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ணகரமும் னகரமும் மயங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது சிறு குறையா? ஆகவே, தமிழ் படிப்போர் எழுத்தைப் பெரிதாக வைத்தே தீர வேண்டியிருந்தது. பட்டைகள் இடத்தைத் தின்றபோது மற்றவரைவிட நாம் கூடுதலாக இழந்தோம்.

திரையில் தமிழைக் கொண்டுவரவே எத்தனை உழைப்பு! நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். தமிழ் 99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டில் முடிவானது. விண்டோஸ் 2000 பதிப்பில் ஒருங்குறித் தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த எழுத்துகள் பட்டைகளின் அடியில் ஒளிந்து கிடந்தால் பயன் என்ன?

4. அழையா விருந்தாளிகள்

கூகுள் நிறுவனம் தன் கருவிப்பட்டையை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. எப்பக்கத்தில் இருந்தாலும் உடனே தேடலாம் என்பது அதன் நன்மை. பின்னர், 2003ஆம் ஆண்டில், திடீரெனத் தோன்றும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. பலர் விரும்பியே நிறுவினர்.

அதன்பின் ஆளுக்கொரு பட்டை! தேடும் பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே விளம்பர வருமானம் என்பதால் போட்டி மூண்டது. வேறொரு மென்பொருளை நிறுவும்போது, முன்கூட்டியே சரிக்குறி இடப்பட்ட சிறு கட்டத்தின் வழியாகப் பட்டைகள் உள்ளே நுழைந்தன. ஜாவா மென்பொருளோடு சேர்ந்து வந்த ஆஸ்க் பட்டை இதற்குப் பேர்போனது. அதன் பழைய பதிப்புகளை வேண்டாத மென்பொருளாக மைக்ரோசாப்ட் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று சொடுக்கிய நம் பழக்கமே அவற்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. இடத்தை மீட்டவர்கள்

மீட்கும் வழிகளும் உடன் வளர்ந்தன. 1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் பொத்தான்களைச் சிறியதாக்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். முகவரிப் பட்டையை இழுத்துப் பட்டியற் பட்டையின் பக்கத்திலேயே வைத்துவிடலாம். எஃப் 11 விசையை அழுத்தினால் முழுத்திரை. இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று!

2002ஆம் ஆண்டு செப்டம்பரில் பீனிக்ஸ் என்ற பெயரில் ஒரு புதிய உலாவி வந்தது. பயனரே பொத்தான்களை இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கும் வசதி அதன் முதற்பதிப்பிலேயே இருந்தது. அதுவே 2004 நவம்பர் 9ஆம் நாள் பயர்பாக்ஸ் 1.0 ஆக வெளியானது. தமிழன்பர்கள் அதை 'நெருப்பு நரி' என்றே அழைத்தனர். பட்டியல், பொத்தான்கள், முகவரி ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் அடக்கிவிட்டு மற்றவற்றை அணைத்தவர் பலர்.

பின்னர் வந்தவை சிறிய மடிக்கணினிகள். 2007இல் வெளிவந்த ஆசுஸ் ஈ பிசியின் திரை உயரம் 480 புள்ளிகள் மட்டுமே. அங்கே பட்டைகளுக்கு ஏது இடம்? 2008 செப்டம்பரில் வந்த கூகுள் குரோம் பட்டியற் பட்டையை நீக்கியது. தேடலையும் முகவரியையும் ஒரே பெட்டியாக்கியது. 2011ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9, பயர்பாக்ஸ் 4 இரண்டும் அவ்வழியையே பின்பற்றின. காலப்போக்கில் கூகுள் கருவிப்பட்டையும் 2021இன் இறுதியில் விடைபெற்றது.

6. வெற்றியின் மறுபக்கம்

அப்படியானால் பயனர் வென்றுவிட்டாரா? பட்டைகள் குறைந்தன, உண்மை. ஆனால், அவற்றைக் குறைத்தவர் நாமல்லர், தயாரிப்பாளர்கள். கொடுத்தவரே எடுக்கவும் செய்வார் அல்லவா? 2014 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 29 வந்தபோது, சிறிய பொத்தான்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய வசதி காணாமற்போனது. பின்னர் 'நெருக்கமான' அமைப்பு என்ற பெயரில் திரும்பி வந்தது. 2021 ஜூனில் வெளியான பயர்பாக்ஸ் 89இல் அதுவும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. தன் மேசையைத் தானே ஒழுங்குபடுத்திய பயனர், பிறர் ஒழுங்குபடுத்திய மேசையில் அமர்ந்திருக்கிறார். இன்றோ சில உலாவிகளில் செயற்கை நுண்ணறிவுப் பக்கப்பட்டைகளும் வந்து நிற்கின்றன. உதவியாகத்தான் வருகின்றன, மொசைக்கின் பொத்தான்களைப் போலவே!

7. நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, பாடத்தைத் திரையில் காட்டும் முன் எஃப் 11ஐ அழுத்துங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புத்தகக்குறிப் பட்டை மறையும். பெற்றோர்களே, எதை நிறுவினாலும் ஒவ்வொரு சரிக்குறியையும் படித்துப் பாருங்கள். கேட்காமல் வந்ததைத் தயங்காமல் நீக்குங்கள்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இவற்றைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய விடுங்கள். திரை எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று எண்ணும் பிள்ளை, வந்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். 'இது எதற்கு? எனக்குத் தேவையா?' என்று கேட்டு ஒரு பட்டையை நீக்கிய பிள்ளை, நாளை வேறு பலவற்றையும் அப்படிக் கேட்கும்.

அன்று வகுப்பில் பட்டைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தேன். சுவரில் குறள்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சொல்லிக் கொடுத்த கணினிப் பாடங்களுள் திட்டமிடாமல் நடந்த சிறந்த பாடம் அதுவே.

திரையின் இடம் படிப்பவருக்கே உரியது. அதை நம் பிள்ளைகளுக்கும் உணர்த்துவோம்!