வேட்டையும் செவியும்

தர்மபுரி வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் நிற்கும் நடுகற்களை நின்று நோக்குவோர்க்கு, ஆநிரை மீட்டு மாண்ட வீரரோடு புலியை எதிர்த்து மாண்டவரும் கல்லில் உருவம் பெற்றிருப்பது புலனாகும். அவர்கள் கையிலுள்ளவை வில்லும் வாளுமே. வேட்டையில் பறை முழங்கியிருக்கலாமெனினும், ஆயுதத்தினின்று எழுந்த ஓசை நாணொலிக்கு மிஞ்சியதன்று.

பாரமகால் என்று வழங்கிய இந்நாட்டில் ஹைதர், திப்பு ஆகியோரின் சேனைகளும் கும்பினியாரின் சேனைகளும் மாறி மாறிப் போர் புரிந்து, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாடு கும்பினியார் வசமான காலத்திற்குள், துப்பாக்கியின் சப்தம் இம்மலைகளுக்குப் பழகிப் போயிற்று. பின்னர், குழல் வாய்வழியே கரிமருந்தும் துணியும் ஈயக்குண்டும் இட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி வனத்தையடுத்த ஊர்களில் பரவிற்று. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்டது. உரிமமின்றியே பல துப்பாக்கிகள் மறைவில் இருந்தன.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாற்றுப் படுகை ஆகிய இடங்களில் அலைந்து எழுதிய வேட்டைக் கதைகளை நான் பன்முறை படித்திருக்கிறேன். அவர் ஏந்தியது .405 வின்செஸ்டர் ரைபிள். ஆயினும் நிலவற்ற இரவில் பரண்மீது அமர்ந்த அவரைக் காத்தது அந்த ரைபிளைவிட அவருடைய செவியே என்பது என் துணிபு. கடமானின் எச்சரிக்கைக் குரல், புள்ளிமானின் கூவல், சருகு நொறுங்கும் மெல்லோசை ஆகியவற்றைக் கொண்டே புலி வரும் திசையை அறிய வேண்டும். முத்தூரைச் சேர்ந்த பைரா என்னும் பூசாரி இனத்தவரை அவர் அத்துணை மதித்ததன் காரணம், அம்மனிதருக்கு வனம் கைவந்த வித்தையாயிருந்ததே.

அத்தகைய செவியைத்தான் துப்பாக்கி தின்றது. வேட்டைத் துப்பாக்கியின் வெடி, சுடுபவன் காதருகே ஏறத்தாழ 140 முதல் 170 டெசிபல் வரை எழுகிறது. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வலக்கையால் சுடுபவனுக்குக் குழல்வாயை நோக்கியிருக்கும் இடச்செவி முதலில் கெடும். அதிலும் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முன்னர் மறையும். அந்தோ, சருகின் ஒலி அவ்வகையைச் சேர்ந்ததன்றோ! எத்தனையோ வேடர்கள் முதுமையென்று எண்ணிய செவிட்டுத்தன்மை அவர்களுடைய ஆயுதத்தின் கொடையாக இருந்திருக்கும். வேட்டையைப் புகழ்ந்தெழுதியோர் கண்ணையும் கையையும் போற்றினரேயன்றி, இந்த நஷ்டத்தைக் கணக்கிடவில்லை.

யந்திரத் துப்பாக்கியைப் படைத்து, அதன் ஓசையாலேயே செவித்திறன் குன்றிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் என்பவரின் புதல்வர் ஹைரம் பெர்சி மாக்சிம், 1909-இல் அமெரிக்காவில் ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். வெடித்த வாயு குழலினின்று ஒரேயடியாகப் பாயாமல், அடுத்தடுத்த அறைகளில் விரிந்து தணிந்து வெளியேறும் அதே தத்துவத்தில், மோட்டார் வண்டிகளுக்கும் அவர் சைலன்சர் செய்தார். துப்பாக்கியின் ஒலியடக்கி ஓசையை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்குமேயன்றி ஒழிக்காது. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் சப்தம் எஞ்சியே நிற்கும். பின்லாந்திலும் நார்வேயிலும் வேடர் அதைச் செவிக்காப்பாகவே கருதுகின்றனர். நம் நாட்டின் ஆயுத விதிகளோ அதைக் கடுந்தடைக்குரிய வகுப்பில் வைத்தன. ஓசையற்ற துப்பாக்கி திருட்டு வேட்டைக்கு எவ்வளவு துணையாகும் என்பதை நினைத்தால், அத்தடை நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளமிட்டது. ஆண்டர்சன் நடந்த காட்டில் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமாயிற்று. ஆயினும் வெடியோசை ஓயவில்லை. மாரண்டஅள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கங்களில் இராகிக் கொல்லைக்கு வரும் யானைகளை வனக்காவலரும் உழவரும் வெடி போட்டு விரட்டுகின்றனர். யானை கிளை ஒடிக்கும் ஓசையைக் கேட்டே உயிர் தப்ப வேண்டிய அவர்களுக்கு, வெடியைப் பற்றவைக்கும் கணத்தில் மட்டும் செருகிப் பின் எடுத்துவிடக்கூடிய காதடைப்பான்களைக் கைவிளக்கோடு சேர்த்து வழங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.