கட்டுமரம் முதல் கணினி வரை: படகுப் படங்களின் கதை

நீலக் கடல், சாயங்கால வெயில், காற்றில் உப்பிய வெள்ளைப் பாய். பார்த்தவுடன் ஏறி உட்காரலாம் போலிருக்கும். ஆனால் அந்தப் பாய்மரப் படகு இன்னும் கட்டப்படவே இல்லை! எல்லாம் கணினியின் கைவண்ணம். இன்று படகு வடிவமைப்பாளர்கள் பணம் போடுகிறவரிடம் முதலில் நீட்டுவது இப்படி ஒரு படத்தைத்தான். இந்தப் பழக்கம் எப்படி வந்தது? குமரி மாவட்டக் கடற்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் கட்டுமரம் செய்தவர்கள் வரைபடத்தை நம்பி வேலை செய்யவில்லை. எந்தத் தடி நடுவில், எது ஓரத்தில், எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது. வாங்குகிறவரும் கடலுக்குப் போகிறவர். மணலில் கிடக்கும் மரத்தைப் பார்த்தே எடைபோட்டு விடுவார். படம் காட்டி யாரையும் நம்ப வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

படம் தேவைப்பட்டது வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி (1806-1893) உலகைச் சுற்றிய கப்பல்களில் பணியாற்றியவர். போன துறைமுகங்களில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை நாடா பிடித்து அளந்தார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் அவர் வரைந்தவற்றில் உண்டு. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் இவை பெரிய நூலாக வெளிவந்தன. பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு என்று அளவோடு வரைந்த படங்கள் ஒருபுறம். அதே படகு அலையில், ஆட்களோடு, பாய் விரித்து நிற்கும் ஓவியம் மறுபுறம். அளவுப்படம் கட்டுகிறவனுக்கு, ஓவியம் பார்க்கிறவனுக்கு! இன்றைய கணினிப் படத்தின் தாத்தா என்று இந்த ஓவியத்தைச் சொல்லலாம்.

கணினிக்கும் படகுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. கப்பல் கட்டும் தளங்களில் வளைவு வரைய, வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தைப் புள்ளிகளின் மேல் வைத்து எடைக்கற்களால் அழுத்திப் பிடிப்பார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ‘ஸ்ப்ளைன்’. 1946ல் கணித அறிஞர் ஷோன்பெர்க் அதே பெயரை ஒரு வகைச் சமன்பாட்டு வளைவுக்கு வைத்தார். இன்று மென்பொருளில் படகின் வளைவை எலியால் இழுக்கும்போது வேலை செய்வது அந்தக் கணக்குதான். பிறகு பளபளப்பும் வந்து சேர்ந்தது. வளைந்த பரப்பில் ஒளி எப்படி மின்னும் என்பதற்கு, வியட்நாமில் பிறந்த புய் துவோங் போங் 1975ல் ஒரு சூத்திரம் தந்தார். 1980ல் டர்னர் விட்டெட், ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து பிரதிபலிப்பையும் தண்ணீர், கண்ணாடி போன்றவற்றையும் காட்டும் முறையை வெளியிட்டார். 2002ல் பிளெண்டர் மென்பொருள் திறந்த மூலமாக ஆனபின், காசு செலவில்லாமல் யாரும் இதைச் செய்யலாம் என்றாகிவிட்டது.

இனி முட்டத்துக்கு வருவோம். கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய தடிகள் கிடைப்பது குறைந்து, விலையும் ஏறிய காலம் அது. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில், பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் கிஃபோர்டின் உதவியோடு, ஒட்டுப்பலகைப் படகுகள் 1980களின் தொடக்கத்தில் அங்கே உருவாயின. பலகைகளைக் கம்பியால் தைத்து, ஓரங்களைப் பசையால் ஒட்டும் முறை. கயிற்றால் தைத்த வள்ளங்களைப் பார்த்துப் பழகிய கரைக்கு, தையல் ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் வேலை சுலபமாக முடியவில்லை. அந்தப் பணியில் இருந்த பியர் ஜிலே 1985ல் எழுதிய நூலின் தலைப்பே ‘சிறியது கடினமானது’ என்று பொருள்படும். ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற நூலுக்கு ஒரு குறும்புப் பதில்!

காரணம் எளிது. காகிதத்தில் சரியாக இருக்கும் படகு, முட்டத்து அலையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கரையில் உடையும் அலையைத் தாண்ட வேண்டும். திரும்பி வரும்போது மணலில் மோதினாலும் தாங்க வேண்டும். ஆட்கள் இழுத்து மேலேற்றும் எடையாகவும் இருக்க வேண்டும். கடன் வாங்கிப் படகு எடுக்கும் குடும்பத்துக்கு இதில் எது தவறினாலும், படகு போகும், கடன் நிற்கும். சில வேளை ஆளும் போவார். எனவே அங்கே கடைசித் தீர்ப்பைக் கடல்தான் சொன்னது.

அப்படியானால் அழகான படமே பொய்யா? இல்லை. நேர்மையாகச் செய்தால் அதுவும் ஒரு சோதனைதான். முதலில் நீர்மட்டம். படகு தன் மொத்த எடைக்குச் சமமான நீரை விலக்கும் அளவுக்கு மூழ்கும். பலர் இந்தக் கணக்கைப் போடாமல், கண்ணுக்கு அழகாக இருக்கும் உயரத்தில் கடலை வைத்து விடுகிறார்கள். படத்தில் படகு தக்கை மாதிரி மிதக்கும். ஆளும் வலையும் ஐஸும் ஏறியபின் கதை வேறு. அடுத்தது கோணம். அகலக் கோணத்தில் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் குட்டைப் படகும் நீளமாகத் தெரியும். ஓர் ஆளைப் படகில் நிற்க வைத்துவிட்டால் உண்மையான அளவு வெளியே வந்துவிடும். மூன்றாவது காற்று. பாய் ஒரு பக்கம் உப்பி, கொடி எதிர்ப்பக்கம் பறந்தால், கடலைத் தெரிந்தவர் அந்த இடத்திலேயே சிரித்து விடுவார். பாய் அட்டைபோல் தட்டையாக இருந்தாலும் அப்படியே.

இணையத்தில் ‘கேட்டமரன்’ என்று தேடினால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளின் பளபளக்கும் படங்கள் வந்து குவியும். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. வடிவத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் படங்களில் பெரும்பாலும் கடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். ஒரு படகின் படத்தை யாராவது நீட்டினால், முட்டத்துக்காரர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: “இதுல அலை எங்கே?”