டர்போ டீசல் பொறி
டர்போ டீசல் பொறி என்பது, வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறியைக் கொண்டு காற்றை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்தும் டீசல் பொறி ஆகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி இதற்கு 1905 இல் காப்புரிமை கோரினார். டர்போ அற்ற பொறி வளிமண்டல அழுத்தத்தால் மட்டுமே காற்றைப் பெறுகிறது; எனவே உயரம் கூடக் கூட அதன் திறன் குறையும்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற கடலை ஒட்டிய சமவெளிகளில் ஓடும் பழைய கேரவனில் இக்குறை தெரியாது. பழுது பார்க்க எளிதான டர்போ அற்ற பொறியே அங்கு போதும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வண்டி அங்கு ஏறுவதற்குள் திணறிவிடும். டர்போ இவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது.

ஆனால் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல்வதுண்டு. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்படாத வண்டியில் அதன் தாங்கிகள் விரைவில் தேயும். பழைய வண்டி வாங்குவோர் காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டில் ஆட்டம் உள்ளதா, புகை நீலமாக வருகிறதா என்று பார்ப்பது நன்று.